இலையும் ஆடும் ஒரே தாளில்

சைவமா அசைவமா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். எத்தனை பேர், எந்த நாள், எந்த இடம் எல்லாம் அதற்குப் பிறகுதான். சைவம் என்று ஒருவர் சொல்லிவிட்டால், அப்புறம் ஆடு, கோழி, மீன் என்ற பேச்சே என் வாயிலிருந்து வராது. விரதம் இருக்கிற வீட்டிலும் காரியம் நடக்கிற வீட்டிலும் போய் நின்றுகொண்டு, கறி கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்கிற சமையற்காரியை மறுபடி யாரும் கூப்பிட மாட்டார்கள். அசைவம் என்று சொன்னால்தான் அடுத்த கேள்வி. ஆடா, கோழியா, மீனா. ஆடு என்றால் எலும்போடா, எலும்பில்லாமலா. ஒரு பதில் வந்தால்தான் அதற்குப் பின்னால் இருக்கிற கேள்விக்கு வேலை.

சுங்கை பினாங்கில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் பெரிய அடுப்பு மூட்டிய நாளிலிருந்து இதுதான் என் முறை. என் வீட்டுக்காரர் கடலுக்கு அந்தப் பக்கம் பிறை டவுனில் லாரி ஓட்டியவர். அவர் போன பிறகு இந்த அடுப்புதான் எங்களைக் காப்பாற்றியது. பாக்டரிக்காரர்கள் விருந்து, கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று எல்லாவற்றுக்கும் சமைத்திருக்கிறேன். சைவத்துக்குத் தனிப் பாத்திரம். அவற்றின் பிடியில் மஞ்சள் பெயின்ட் அடித்து வைத்திருப்பேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனாலும் ஒரு வீட்டுச் சாப்பாட்டை நான் மாற்றிச் சமைத்ததில்லை. பெருமைக்காகவும்தான் இதைச் சொல்கிறேன். அந்தப் பெருமையை நானே சம்பாதித்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் மகன் கல்யாணம் செய்துகொண்டான். பெண் யாழ்ப்பாணத்து ஆட்கள் வழி. அவளுடைய தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் ரயில்வேயில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்தவர். அப்பாவும் அரசாங்க ஆபீஸ். அவர்கள் வீட்டில் கைக்குழந்தையைக்கூட ‘நீங்கள்’ போட்டுப் பேசுவார்கள். முதல்நாள் அதைக் கேட்டபோதே எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. இவ்வளவு மரியாதைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யோசித்தேன். அவள் என்னை ‘மாமி’ என்று கூப்பிட்டாள். எங்கள் பக்கத்தில் ‘அத்தை’ என்போம். சரி, வாயில் எது வருகிறதோ வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவளுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கடைக்காரர்களுக்கு இன்டர்நெட்டில் பக்கம் செய்து கொடுக்கிற கம்பெனி. லிட்டில் இந்தியாவில் புடவைக் கடை வைத்திருக்கிறவர்கள்கூட அப்போது பக்கம் வேண்டும் என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். வந்து சில மாதங்களில் அவள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள், நம் சமையலுக்கும் ஒரு பக்கம் செய்யலாம், ஆர்டர் கொடுக்கிறவர்கள் அதிலேயே எழுதி அனுப்பிவிடுவார்கள், நீங்கள் போனுக்கு ஓடிக்கொண்டிருக்க வேண்டாம் என்று.

நான் ஓடுவதைப் பற்றி அவளுக்கு என்ன கவலை? அதற்கு முன்னால் ஒருநாள், பெரிய ஆர்டர்களைக் குறைத்துக்கொண்டு கொஞ்சம் ஓய்வெடுங்கள் என்றும் சொல்லியிருந்தாள். இரண்டையும் நான் சேர்த்துப் பார்த்தேன். என்னோடு வெகுகாலமாகக் காய் நறுக்கிப் பாத்திரம் கழுவுகிற ஒருத்தி உண்டு. எனக்குத் தங்கை மாதிரி. அவளிடம் சொன்னதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"இதுல என்னமோ இருக்குக்கா. மொதல்ல ஆர்டர் அவங்க கைக்குப் போவும். அப்பறம் அடுப்பு போவும். நீங்க ஹால்ல ஒக்காந்து டிவி பாக்க வேண்டியதுதான்."

நான் நினைத்ததையேதான் அவளும் சொன்னாள்.

மகன் ஆசைப்பட்டதால் சம்மதித்தேன். ஹாலில் கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்தது. அது இன்டர்நெட்டில் இருக்கிற நேரம் வீட்டுப் போன் வேலை செய்யாது. எடுத்துக் காதில் வைத்தால் ஒரே இரைச்சல். அப்படியென்றால், என்னைக் கூப்பிட நினைக்கிறவர்களின் வழியை அடைத்துவிட்டுத்தான் இந்தப் பக்கம் திறக்கிறது. இதை நான் மகனிடம் எடுத்துச் சொன்னபோது அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. சாயங்காலம் ஒரு தடவை, காலையில் ஒரு தடவை மட்டும் இணைத்து, வந்திருப்பதை எடுத்துக்கொண்டு துண்டித்துவிடுவதாகச் சொன்னாள்.

எனக்காக அவள் ஒரு காரியம் செய்திருந்தாள், அதைச் சொல்லாமல் விடக் கூடாது. ஆர்டர் தாளில் எழுத்துக்குப் பக்கத்திலேயே படமும் விழும்படி வைத்திருந்தாள். சைவத்துக்கு வாழையிலை. ஆட்டுக்கு ஆட்டுப் படம், கோழிக்குக் கோழி, மீனுக்கு மீன். நான் கேட்கவில்லை, அவளாகச் செய்தது. என் படிப்பை அவள் அளந்து பார்த்துவிட்டாள் என்று எனக்கு முதலில் சுருக்கென்றது. ஆனால் படங்கள் நன்றாகத்தான் இருந்தன.

பக்கத்தை முதல் தடவை காட்டியபோது எல்லாக் கேள்வியும் ஒரே நேரத்தில் வரிசையாக நின்றன. சைவமா அசைவமா, அதற்குக் கீழேயே ஆடா கோழியா மீனா. சைவக்காரருக்கும் இதுதான் கண்ணில் படுமா என்று கேட்டேன். ஆமாம், அவர்கள் அதை விட்டுவிட்டுக் கீழே போகலாம் என்றாள்.

"அமாவாசைக்கு ஆர்டர் குடுக்க வர்றவங்க மொகத்துல ஆட்டுப் படத்தக் காட்டுவியா? இது நான் போய் வாயால கேட்ட மாதிரிதான்."

நான் வாயால் எப்படிக் கேட்பேன் என்று அவள் விவரமாகக் கேட்டுக்கொண்டாள். அந்தக் கம்பெனியில் ஒரு மரச்சட்டம் போலச் செய்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு கடைக்கும் புதிதாக எழுதுவது கிடையாது. அந்தச் சட்டத்தில் வேண்டிய கட்டங்களைச் செருகினால் பக்கம் வந்துவிடும். இந்தக் கட்டம் இன்ன பதில் வந்தால் மட்டும் தெரிய வேண்டும் என்று அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமாம். இரண்டு மூன்று நாள் வேலைக்குப் போய் வந்த பிறகு உட்கார்ந்து அதைச் செய்தாள்.

மறுபடி காட்டினாள். இலையைத் தொட்டால் கறி வரிசை இல்லை. அசைவத்தைத் தொட்டால் ஆடும் கோழியும் மீனும் கீழே வந்து நின்றன. மறுபடி இலையைத் தொட்டாள், எல்லாம் போய்விட்டன. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என் கண் முன்னால் இருந்த பொருள் சொல்லாமல் கொள்ளாமல் போவதை நான் அவ்வளவு சீக்கிரம் நம்புகிறவள் இல்லை. எங்கே போனது என்று கேட்டேன்.

"எங்கயும் போகேல்ல மாமி. மறைஞ்சிருக்கு, அவ்வளவுதான்."

மறைந்திருக்கிறது என்றால் உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்றுதானே அர்த்தம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் நான் சந்தேகப்பட்டது கம்ப்யூட்டரை இல்லை. இப்படி மறைக்கத் தெரிந்தவள் வேறு என்னவெல்லாம் மறைப்பாள் என்றுதான்.

பக்கம் நன்றாக ஓடியது. பிறையிலிருந்தும் பாயான் பக்கத்துப் பாக்டரிகளிலிருந்தும் ஆர்டர் வந்தது. பெரும்பாலும் பிறந்தநாள், ஆபீஸ் விருந்து, கோழியும் மீனும். சில வீட்டில் இலையும் கோழியும் சேர்ந்தே வரும். பெரியவர்களுக்குச் சைவம், மற்றவர்களுக்குக் கறி என்று இரண்டும் கேட்பார்கள். அதற்கு அவள் ‘இரண்டும்’ என்று ஒரு வட்டம் வைத்திருந்தாள். அதைத் தொட்டால் இலையோடு கறிப் படமும் சேர்ந்து விழும். அதனால் ஒரு தாளில் இரண்டு படம் இருப்பது எனக்குப் புதிது இல்லை.

அப்புறம்தான் அந்தத் தாள் வந்தது.

அவளோடு ஆபீசில் வேலை செய்கிற ஒரு தம்பியின் வீடு. அவர்களும் யாழ்ப்பாணத்து ஆட்கள். அப்பா இறந்து வருஷம் திரும்புகிறது, திவசச் சாப்பாடு வேண்டும் என்று அவளிடம் வாயால் கேட்டிருக்கிறார். பக்கத்திலேயே எழுதி அனுப்புங்கள் என்று இவள் சொல்லியிருக்கிறாள். அந்த ஆட்கள் வீட்டுக் காரியத்துக்கு என்னைப் போன்ற சமையற்காரியை அதுவரைக்கும் யாரும் கூப்பிட்டதில்லை. அவர்களுக்குள்ளேயே சமைக்கிறவர்கள் உண்டு. இந்த ஒரு வீடு நன்றாக நடந்தால் அந்தச் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் வாசலும் எனக்குத் திறக்கும். கெட்டால், பினாங்குத் தீவில் நான் தலைகாட்ட முடியாது. கல்யாணச் சாப்பாடு சரியில்லை என்றால் மறந்துவிடுவார்கள். செத்தவருக்கு வைக்கிற சாப்பாட்டில் தப்புச் செய்தவளை யாரும் மறக்க மாட்டார்கள்.

இவ்வளவு பெரிய ஆர்டரைப் பிடித்துக் கொடுத்துவிட்டு அவள் அதே வாரம் கம்பெனி வேலையாகக் கோலாலம்பூர் போய்விட்டாள். மகன்தான் ஷிப்டுக்குப் போகும் முன் இணைத்துத் தாளை எடுத்து, பிரிட்ஜில் காந்தத்தால் ஒட்டிவிட்டுப் போனான். நான் காப்பி போட வந்தவள் பார்த்தேன். மேலே வாழையிலை. அதற்குக் கீழே ஆடு.

தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எழுத்தையும் கூட்டிப் படித்தேன். சைவம். ஆடு. ‘இரண்டும்’ என்ற சொல் இல்லை. என் தங்கைக்காரி வந்ததும் அவளிடம் நீட்டினேன்.

"படையலுக்கா இருக்கும்கா. ஜனங்களுக்குச் சைவம், செத்தவருக்கு மட்டும் ஆடு. நம்ம வீடுங்கள்ல வைக்கலையா?"

வைப்போம்தான். என் வீட்டுக்காரருக்கு நானே வருஷா வருஷம் கறியும் ஒரு போத்தல் கறுப்புப் பீரும் வைத்துத்தான் கும்பிடுகிறேன். ஆனால் அவர்கள் திவசம் எப்படி என்று எனக்குத் தெரியாது. அவளே வேறு ஒன்றையும் சொன்னாள். மருமகள் ஊரில் இல்லாத நேரமாகப் பார்த்து இப்படித் தாள் வருகிறதே, அக்கா. தப்பு நடந்தால் யார் பேர் கெடும்? இதற்குத்தான் ஓய்வெடுங்கள் என்றேன் என்று அப்புறம் யார் சொல்வார்கள்?

அன்று முழுக்க அந்த வார்த்தை என்னோடேயே இருந்தது. கோலாலம்பூருக்குப் போன் போட்டு மருமகளைக் கேட்டிருக்கலாம். இது பொறியாக இருந்தால் அவள் என்னிடம் உண்மையா சொல்லப் போகிறாள்? பொறி இல்லை என்றால், மாமிக்கு ஒரு தாளைப் பார்த்துச் சமைக்கத் தெரியவில்லை என்று ஆகும். இரண்டும் எனக்கு ஒத்துவராது.

அந்த வீட்டுக்கே போன் போட்டு, ஆடு வேண்டுமா என்று கேட்கவும் முடியாது. சைவத் திவசமாக இருந்தால் கேட்பதே தப்பு. கேட்ட அன்றைக்கே என் பேர் போய்விடும்.

அதனால் பந்தி போடுகிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்று சாக்குச் சொல்லிவிட்டு, பஸ் பிடித்து நேரே போனேன். பழைய பங்களா மாதிரி வீடு. கூடத்தில் அவர் படம், ஒரு விளக்கு. அந்தம்மா என்னை வாங்கோ, இருங்கோ என்று உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்தார்கள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர்கள். நான் சுற்றி வளைத்தேன். எத்தனை இலை, ஐயர் எத்தனை மணிக்கு, வாழைக்காயா கத்தரிக்காயா என்று பேசிப் பேசி, கடைசியில் படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டேன், ஐயாவுக்கு என்ன ரொம்பப் பிடிக்கும் என்று.

அந்தம்மாவின் முகம் மாறிவிட்டது.

"ஆட்டிறைச்சிப் பிரட்டல்தான். வேற என்ன. நல்லா உறைப்பா, சுண்ட வத்தவிட்டு. எட்டுச் செலவுக்கும் அதைத்தான் வைச்சனாங்கள்."

செத்த எட்டாம் நாள் அவர்கள் செய்கிற காரியம் அது என்று எனக்குத் தெரியும். அன்றைக்குப் பிடித்ததெல்லாம் வைப்பார்கள். எட்டாம் நாளுக்கு ஆடு வைத்தவர்கள் வருஷத்துக்கும் வைப்பார்கள்தானே? தாளும் அதையே சொல்கிறது, வீட்டு அம்மாவும் அதையே சொல்கிறார்கள். பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் நேராகக் கேட்காத கேள்விக்கு அவர்கள் நேராகப் பதில் சொல்லவில்லை என்பது உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. ஆனாலும் பசாரில் ஆட்டிறைச்சிக்குச் சொல்லிவிட்டேன்.

திவசத்தன்று விடியும் முன்பே அடுப்பு எரிந்தது. மஞ்சள் பிடிப் பாத்திரங்களில் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய், பூசணிக்காய், பாயசம். வடையும் சுட்டு முடித்தோம். ஆட்டை வெளியே தனி அடுப்பில், தனிச் சட்டியில் செய்தேன். படையலுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான். அந்தம்மா சொன்ன மாதிரியே சுண்டவிட்டேன். அதன் வாசம் தெருவுக்கே போயிருக்கும். சைவச் சாமான் எல்லாம் வேனின் பின்பக்கம் ஏறியது. ஆட்டுச் சட்டியை மூடித் துணி கட்டி, முன்னால் டிரைவர் அண்ணன் பக்கத்துச் சீட்டுக்குக் கீழே வைத்தேன்.

அந்த நேரத்தில்தான் மருமகள் வந்தாள். ராத்திரி பஸ்ஸில் பட்டர்வொர்த் வந்து, பேரிக் கப்பல் பிடித்து, பையோடு வாசலில் நின்றாள். கண் சிவந்திருந்தது. வேனைப் பார்த்தாள், மூக்கை உறிஞ்சினாள்.

"இண்டைக்கு அவங்கட வீட்டுத் திவசமல்லோ? இறைச்சி மணக்குது?"

அவர்களுக்குத்தான் என்றேன். அவள் பையைக் கீழே போட்டுவிட்டாள். திவசத்துக்கு இறைச்சி போகாது என்றாள். எட்டுக்கு வைத்ததை அந்தம்மாவே சொன்னார்கள் என்றேன். எட்டு வேறு, திவசம் வேறு, திவசத்துக்கு ஐயர் வந்து உட்கார்ந்திருப்பார், அன்றைக்கு வீட்டுக்குள் முட்டைகூட வராது என்றாள்.

பிரிட்ஜிலிருந்து தாளை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தேன்.

"இது ஒன் மிசின் குடுத்த தாள். தாள் பொய் சொல்லுதா, நீ பொய் சொல்றியா? ரெண்டுல ஒண்ணச் சொல்லு."

அவள் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது எனக்குப் பிடிக்கவில்லை. டிரைவர் அண்ணன் நேரமாகிறது லா என்றார். என் தங்கைக்காரி பின்வாசலில் நின்று என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள்.

மருமகள் உள்ளே போய் அந்த வீட்டுக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. அந்தத் தம்பியின் ஹேண்ட்போன் அணைந்திருந்தது. ஐயருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார் என்றாள். இதுவும் வசதியாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன்.

என் நிலைமை இதுதான். சட்டியை இறக்கி வைத்துவிட்டுப் போய், அங்கே படையலுக்கு ஆடு எங்கே என்று அந்தம்மா கேட்டால், அவர்கள் கண் கலங்கிச் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை என்று ஆகும். கொண்டுபோய் அது சைவத் திவசமாக இருந்தால் அதைவிட மோசம். தாளை நம்பினாலும் அது அவள் கைவேலை. அவளை நம்பினால் தாளை நம்பக் கூடாது. இரண்டும் அவளிடமிருந்தே வருகிறது.

அவள் கம்ப்யூட்டரைத் திறந்தாள். ஆர்டர் பக்கம் வந்தது. நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்றேன். அவள் விரல் போகிற வேகத்தில் எது நடக்கிறது, எதை அவள் நடத்துகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.

"நவுரு, நான் செய்றேன்" என்றேன்.

எழுந்து இடம் கொடுத்தாள். மௌஸைப் பிடித்தேன். இலையைத் தொட்டேன். அனுப்பச் சொன்னாள், அனுப்பினேன். பிரின்டரில் தாள் வந்தது. இலை மட்டும். பார்த்தாயா, மிசின் சரியாகத்தான் இருக்கிறது, ஆடு கேட்டவர்களுக்குத்தான் ஆடு விழுந்திருக்கிறது என்றேன். அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

"அவர் முதல்லயே இலையைத்தான் தொட்டிருப்பார் எண்டு என்ன நிச்சயம், மாமி? நீங்க முதல்ல அசைவத்தைத் தொடுங்கோ. ஆட்டைத் தொடுங்கோ. பிறகு மனசு மாறின மாதிரி இலையைத் தொடுங்கோ."

அசைவத்தைத் தொட்டேன். ஆடு, கோழி, மீன் வந்தன. ஆட்டைத் தொட்டேன். அப்புறம் இலையைத் தொட்டேன். கறி வரிசை திரையிலிருந்து போய்விட்டது, ஒரு புள்ளிகூட மிச்சம் இல்லாமல். அனுப்பினேன்.

தாள் மெதுவாக வந்தது. மேலே வாழையிலை. அதற்குக் கீழே ஆடு.

நான் இன்னொரு தடவை செய்தேன். இந்தத் தடவை கோழி. இலையும் கோழியும் வந்தன. கோழி எனக்குத் திரையில் எங்கேயும் தெரியவில்லை, ஆனால் தாளில் நின்றது.

"மறைக்கச் சொல்லிக் குடுத்தனான். அழிக்கச் சொல்லிக் குடுக்கேல்ல" என்றாள். "என்ட பிழைதான் மாமி. வேற ஒருத்தரும் இல்ல."

அவள் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்கிறவள் இந்த இடத்தில் கம்பெனிச் சட்டத்தின் மேல் பழி போடுவாள், அந்தத் தம்பியின் மேல் போடுவாள், என் படிப்பின் மேல்கூடப் போடுவாள். எனக்கு என்ன தெரியும், எதைச் சொன்னாலும் நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அவள் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அதற்காக நான் அவளை நம்பிவிட்டேன் என்று இல்லை. நான் நம்பியது என் கையால் வந்த தாளை. ஆனால் அந்தக் கையைப் பிடித்துக் காட்டியது அவள்.

வெளியே போய் வேனின் முன்கதவைத் திறந்து ஆட்டுச் சட்டியை நானே இறக்கினேன். அது இருந்த இடத்தில் தண்ணீர் தெளித்துத் துடைத்தேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சேலையையும் மாற்றிக்கொண்டு ஏறினேன். அவளும் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து பின்னால் உட்கார்ந்தாள். வழியில் நாங்கள் பேசவில்லை. எனக்கு அப்போதும் பாதி மனசுதான். அந்தம்மா ஆடு எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது என்று வார்த்தையைத் தேடிக்கொண்டே போனேன்.

அந்த வீட்டில் ஐயர் உட்கார்ந்திருந்தார். நெய்யும் எள்ளும் மணத்தன. சமையல் கட்டில் மீன் வெட்டுகிற பலகையைக்கூட எடுத்து வெளியே கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் சட்டியை இறக்கி வைத்தது சரிதான் என்று தெரிந்தது. படையல் இலையில் என் கத்தரிக்காய்ப் பால்கறியை அந்தம்மாவே தன் கையால் வைத்தார்கள்.

பந்தி முடிந்து இலை எடுக்கும்போது அந்தத் தம்பி என் மருமகளிடம் வந்து சொன்னதை நானும் கேட்டேன். பக்கம் சுலபமாக இருந்ததாம். பழக்க தோஷத்தில் முதலில் ஆட்டை அமுக்கிவிட்டாராம். பின்னால் நின்ற அம்மா ஏசிய ஏச்சில் உடனே மாற்றினாராம். சொல்லிவிட்டுச் சிரித்தார். என் மருமகள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பாயசத் தூக்கை வழித்துக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவருக்கு என்ன பிடிக்கும் என்று கேட்ட சமையற்காரர் நீங்கள் ஒருத்திதான் என்றார்கள். நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் முழுக்கதையும் வரும்.

வீட்டுக்கு வந்து அந்த ஆட்டுப் பிரட்டலை நாங்கள்தான் சாப்பிட்டோம். என் தங்கைக்காரி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். நன்றாகத்தான் செய்திருந்தேன்.

சாப்பிட்டுக் கை கழுவும்போது மருமகள் கேட்டாள். குரலை உயர்த்தாமல், சாதாரணமாக.

"மாமி, நீங்க என்னைத்தானே சந்தேகப்பட்டனீங்கள்?"

"ஒன்னய விட்டா இந்த வீட்ல வேற யாரு இருக்கா சந்தேகப்பட?"

அவள் சிரித்துவிட்டாள். எனக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அன்றைக்கே பக்கத்தைச் சரி செய்கிறேன் என்று உட்கார்ந்தாள். கறி வரிசை மறையும்போது அதில் தொட்டதும் அழிந்துவிட வேண்டும். அதோடு விடாமல், தாள் அச்சாகிற இடத்திலும் ஒரு காவல் வைத்தாள், இலை என்று வந்தால் கூட வருகிற கறியைத் தூக்கிப் போட்டுவிடு என்று. திரையை மட்டும் நம்பக் கூடாது மாமி, அங்கும் ஒரு தரம் பார்க்க வேண்டும் என்றாள். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் சரி செய்துவிட்டு என்னிடம் காட்டியபோது சைவ ஆர்டர் போகவே இல்லை. ‘கறியைத் தேர்வு செய்யவும்’ என்று சிவப்பு எழுத்தில் வந்து நின்றது. அசைவக்காரர்கள் கறிக் கட்டத்தைக் காலியாக விடக் கூடாது என்று, சரி செய்யும்போதே அவள் புதிதாகச் சொல்லி வைத்திருந்தாளாம். மறைந்த பிறகும் அது அதே பிடிவாதத்தோடு இருந்தது. சைவக்காரரைப் பிடித்து வைத்துக்கொண்டு, கறி சொன்னால்தான் விடுவேன் என்கிறது. அதற்கும் சொல்லிக் கொடுத்தாள், வெளியே தெரிகிற நேரம் மட்டும் கேள், மறைந்திருந்தால் வாயைத் திறக்காதே என்று. பார்க்கப்போனால் இது நான் வாயால் செய்வதுதான். ஆனால் அதற்கு இவ்வளவு சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது.

அந்தம்மாவின் சொந்தக்காரர்கள் வீட்டிலிருந்து ஆர்டர் வர ஆரம்பித்தது. அதற்குப் பிறகு பக்கத்தில் எதை மாற்றினாலும் அவள் என்னைக் கூப்பிடாமல் விட்டதில்லை. நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவேன். அசைவம், ஆடு, பிறகு இலை. அனுப்பிவிட்டுப் பிரின்டர் வாயில் கையை வைத்துக்கொண்டிருப்பேன். இலை மட்டும் விழும். அப்புறம் மறுபடி அசைவத்தைத் தொடுவேன். ஆடும் கோழியும் மீனும் புதிதாக வந்து நிற்கும், ஒன்றிலும் முன்பு தொட்ட புள்ளி இருக்காது. முதலில் இருந்து கேட்கும்.

"சரியா மாமி?" என்பாள்.

இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்பேன். அவளும் எழுந்து போகாமல் பக்கத்திலேயே இருப்பாள்.